மருந்து அடித்த மறுநாளும் பூச்சி உயிரோடு இருக்கிறதா? அவசரப்பட வேண்டாம்!
பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்யும் விதம்

தாம்பரத்திற்கு மேற்கே மணிமங்கலம், படப்பைப் பகுதிகளில் ஏரிப் பாசனத்தை நம்பிச் சம்பா பயிரிடும் விவசாயிகள் கார்த்திகை, மார்கழியில் அதிகம் அஞ்சுவது புகையானுக்குத்தான். பயிர் தளதளவென்று நிற்கும். அடிப்பகுதியைத் தட்டினால் பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் தண்ணீரில் பொலபொலவென்று உதிரும். சாறு உறிஞ்சப்பட்ட பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியதுபோல் சாய்ந்துவிடும்.

இந்தப் பூச்சியைக் கண்ட விவசாயி ஒருவர் கடைக்குப் போகிறார். புப்ரோபெசின் என்ற மருந்தை வாங்கி வந்து தெளிக்கிறார். மறுநாள் வயலில் இறங்கிப் பார்த்தால் பூச்சிகள் முன்போலவே தத்திக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் நாளும் அப்படியே. "மருந்து போலி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று எண்ணி, மூன்றாம் நாள் கடன் வாங்கி, பட்டவுடன் பூச்சியைச் சாகடிக்கும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்து ஒன்றைத் தெளிக்கிறார். பூச்சிகள் விழுகின்றன, மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் இரண்டு, மூன்று வாரங்களில் புகையான் முன்னைவிடப் பல மடங்காகப் பெருகி, வயல் கருகத் தொடங்குகிறது.

இப்படி ஏமாறும் விவசாயிகள் பலர். முதலில் தெளித்த மருந்து போலியல்ல. அது வேலையைத் தொடங்கியிருந்தது. முடிக்க நான்கைந்து நாள் அவகாசம் கேட்டது, அவ்வளவே. அந்த அவகாசத்தைக் கொடுக்காததால் இரண்டு மருந்துச் செலவும், விளைச்சலில் ஒரு பங்கும் போயின. வளர்ச்சித் தடுப்பு மருந்துகள் என்பவை எவை, அவை எப்படிக் கொல்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பூச்சியும் சட்டை உரிக்கும்

மனிதனுக்கும் மாட்டுக்கும் எலும்பு உடலுக்குள்ளே இருக்கிறது. பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் வெளித்தோலே அதற்குக் கவசமும் எலும்பும் ஆகும். இந்தத் தோலுக்கு உறுதி தருவது 'கைட்டின்' என்ற பொருள். நண்டு, இறாலின் ஓட்டில் இருப்பதும் இதுதான்.

இறுகிப்போன இந்தக் கவசம் ஓரளவுக்கு மேல் விரிந்து கொடுக்காது. சிறுவன் வளர வளரப் பழைய சட்டை பிடிப்பதுபோல், புழு வளரும்போது தோல் இறுக்குகிறது. ஆகவே பாம்பு சட்டை உரிப்பதுபோல் பூச்சியும் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதனடியில் தயாராக வைத்திருக்கும் புதிய தோலுடன் வெளிவருகிறது. புகையான் குஞ்சு முட்டையிலிருந்து வந்து சிறகு முளைத்த தாய்ப்பூச்சி ஆவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கிறது. இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

எப்போது தோல் உரிக்க வேண்டும், உரித்தபின் என்னவாக வேண்டும் என்பதைப் பூச்சியின் உடலில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. 'எக்டைசோன்' என்பது தோலுரிப்பு ஹார்மோன். அது சுரந்தால் தோல் உரிய வேண்டும் என்று கட்டளை. இன்னொன்று இளமை ஹார்மோன். இது அதிகமாக இருக்கும்வரை, தோல் உரித்தபின்னும் புழு புழுவாகவே இருக்கும். சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். இது குறைந்தால்தான் புழு கூட்டுப்புழுவாகவும், பிறகு சிறகுள்ள பூச்சியாகவும் மாறும்.

பட்டுப்புழு வளர்ப்போருக்கு இது புதிதல்ல. தோலுரிப்பின்போது புழு இலை தின்னாமல் அசையாது கிடப்பதை அவர்கள் அறிவார்கள். புழுக்கள் ஒரே நேரத்தில் கூடு கட்டுவதற்காக, தாவரங்களிலிருந்து எடுத்த தோலுரிப்பு ஹார்மோனை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வளர்க்க வேண்டிய புழுவுக்கு உதவும் அதே அறிவைத்தான் அழிக்க வேண்டிய பூச்சிக்கு எதிராகவும் பயன்படுத்துகிறோம்.

செய்தித்தாளில் கிடைத்த உண்மை

தோலுரிப்பு ஹார்மோனை முதன்முதலாகத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பியூட்டெனான்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள். 1954-ல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்.

இளமை ஹார்மோனின் கதை இன்னும் சுவையானது. 1960-களின் நடுவில் கரேல் ஸ்லாமா என்ற செக் நாட்டு ஆய்வாளர், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேரல் வில்லியம்சின் ஆய்வுக்கூடத்திற்குத் தம் நாட்டு நாவாய்ப்பூச்சிகளைக் கொண்டு சென்றார். ஐரோப்பாவில் நன்றாக வளர்ந்த அந்தப் பூச்சிகள் அமெரிக்காவில் தாய்ப்பூச்சி ஆகாமல், பருத்த குஞ்சுகளாகவே இருந்து மடிந்தன. பூச்சி இருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் விரித்திருந்த காகிதமே காரணம் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களை விரித்தபோதும் பூச்சிகள் வளராமல் நின்றன. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழை விரித்தபோது ஒழுங்காக வளர்ந்தன. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் பர் என்ற மரத்தில், அந்தப் பூச்சியின் இளமை ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் இயற்கையாகவே இருந்ததுதான் இதற்குக் காரணம்.

கைட்டின் தடுப்பு மருந்தும் தேடாமல் கிடைத்ததுதான். ஹாலந்து நாட்டில் பிலிப்ஸ்-டூபார் நிறுவன ஆய்வாளர்கள் இரண்டு களைக்கொல்லிகளின் அமைப்பை இணைத்துப் புதிய களைக்கொல்லி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். அது களையைக் கொல்லவில்லை. தின்ற புழுக்களோ தோலுரிக்கும் நேரத்தில் உடல் வெடித்து மடிந்தன. அந்த வழியில் 1970-களின் தொடக்கத்தில் வந்ததே டைபுளுபென்சுரான் என்ற மருந்து.

மூன்று வகை மருந்துகள்

வளர்ச்சித் தடுப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கைட்டின் உருவாவதைத் தடுப்பவை. மருந்து உள்ளே சென்ற பூச்சி வழக்கம்போல் நடமாடும், சாப்பிடவும் செய்யும். ஆனால் அடுத்த தோலுரிப்பின்போது புதிய தோல் உறுதியாக அமையாது. பழைய தோலைக் கழற்ற முடியாமல் சிக்கியோ, மெல்லிய புதுத்தோல் கிழிந்தோ செத்துவிடும். டைபுளுபென்சுரான், நோவலூரான், லூபெனூரான் ஆகியவை இவ்வகை. இவை பெரும்பாலும் புழுக்களுக்கு உரியவை. புப்ரோபெசினும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆனால் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு மட்டுமே உரியது. இலைச்சுருட்டுப் புழுவுக்குப் புப்ரோபெசினும், புகையானுக்கு நோவலூரானும் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதற்குச் சமம்.

இரண்டாம் வகை, இளமை ஹார்மோனைப் போல் நடிப்பவை. பைரிபுராக்சிபென், மெத்தோபிரீன் ஆகியவை இவ்வகை. 'இன்னும் நீ குஞ்சுதான்' என்று பூச்சியின் உடலை இவை நம்ப வைக்கின்றன. பூச்சி வயதுக்கு வராமலும், முட்டை பொரியாமலும் வம்சம் அறுந்து போகிறது. கொசுப்புழு ஒழிப்பிலும் பைரிபுராக்சிபென் பயன்படுகிறது. தேங்கிய நீரில் இதைப் போட்ட பின்னும் புழு நெளிவதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று பலர் எண்ணுவதுண்டு. புழு கூட்டுப்புழு ஆகும்; ஆனால் அதிலிருந்து கொசு வெளிவராது.

மூன்றாம் வகை, தோலுரிப்பு ஹார்மோனைப் போல் நடிப்பவை. டெபுபெனோசைடு, மெத்தாக்சிபெனோசைடு ஆகியவை இவ்வகை. பருவம் வருமுன்பே தோலுரிக்கும்படி புழுவை இவை விரட்டுகின்றன. புழு தீனியை நிறுத்தி, அரைகுறைத் தோலுரிப்பில் மடிகிறது.

மூன்று வகைக்கும் பொதுவான பாடம் ஒன்றுதான். இம்மருந்துகள் நரம்பைத் தாக்குபவை அல்ல. ஆகவே பூச்சி உடனே துடித்து விழாது. அடுத்த தோலுரிப்பு வரும்வரை, அதாவது 3 முதல் 7 நாள் வரை காத்திருக்க வேண்டும்.

புகையானுக்குப் பயன்படுத்தும் முறை

1. முதலில் எண்ணிக்கை எடுக்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து சுமார் 20 குத்துகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு பூச்சி வீதம் இருந்தால், அதாவது 15 தூர் உள்ள குத்தில் 15 பூச்சிகள் இருந்தால், மருந்து தேவை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுத்துக்கொள்ளலாம். சிலந்தி கூலி கேட்காத வேலையாள்.

2. பூச்சியின் பருவத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறகில்லாத சிறு குஞ்சுகளாக இருந்தால் புப்ரோபெசின் தெளிக்கச் சரியான நேரம் அதுவே. சிறகு முளைத்த தாய்ப்பூச்சிக்கு இனித் தோலுரிப்பு இல்லை. ஆகவே இந்த மருந்தால் அது சாகாது. ஆனால் மருந்து பட்ட தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் குறையும். இட்ட முட்டைகளும் சரியாகப் பொரியா.

3. வயல் ஏற்கெனவே கருகத் தொடங்கி, தாய்ப்பூச்சிகள் மொய்த்துக் கிடந்தால் புப்ரோபெசினை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அந்த நிலையில் பூச்சி சாறு உறிஞ்சுவதை நிறுத்தும் பைமெட்ரோசின் போன்ற மருந்தை வேளாண்மை அலுவலரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

4. புப்ரோபெசின் 25 சதவீதத் திரவ மருந்து எக்டேருக்கு 800 மி.லி., அதாவது ஏக்கருக்கு 320 மி.லி. தேவை. 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால், 10 லிட்டர் டாங்கிக்கு 16 மி.லி. வரும். மூடியால் குத்துமதிப்பாக அளக்காமல் அளவுக் குவளையில் அளக்க வேண்டும்.

5. தெளிப்பதற்கு முன் வயல் நீரை வடித்துவிட வேண்டும். புகையான் இருப்பது பயிரின் அடியில். ஆகவே தெளிப்பான் முனையைப் பயிரின் அடிப்பகுதியை நோக்கிப் பிடிக்க வேண்டும். மேலோட்டமாக இலைமேல் அடித்தால் பலனில்லை.

6. தெளித்த ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். குஞ்சுகள் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். மிஞ்சிய தாய்ப்பூச்சிகளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

மருந்தைவிட முக்கியமான காரியங்களும் உண்டு. நடவின்போது எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட வேண்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். தழைச்சத்து மிகுந்த பயிர் புகையானுக்கு விருந்து. அவ்வப்போது மூன்று, நான்கு நாள் நீரை வடித்துக் காயவிட வேண்டும்.

செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல் வயலில் அடிக்கவே கூடாது. அவை சிலந்திகளையும், புகையானின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்றுவிடுகின்றன. பயிரின் தோலுக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டைகளோ சாவதில்லை. அவை பொரிக்கும்போது வயலில் காவல் இருக்காது. முதலில் சொன்ன விவசாயியின் வயல் கருகியது இதனால்தான். புப்ரோபெசின் இந்த நன்மை செய்யும் பூச்சிகளுக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை என்பதே அதன் பெரிய பெருமை.

காய்கறியும் கீரையும்

தக்காளிக் காய்ப்புழுவுக்கும், முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கும் நோவலூரான் சிபாரிசில் உள்ளது. இவ்வகை மருந்துகள் முக்கியமாகத் தின்னும் தீனியோடு வயிற்றுக்குள் போய் வேலை செய்பவை. ஆகவே புழு சிறிதாக, இலையிலும் பூவிலும் மேயும்போதே தெளிக்க வேண்டும். காயைத் துளைத்து உள்ளே போய்விட்ட புழுவை மருந்து எட்டாது.

கீரை பயிரிடுவோர் மட்டும் வேறுவிதமாக எண்ண வேண்டும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் காலையில் பிடுங்கிய கீரை அன்றே கட்டாகச் சந்தைக்குப் போய், பகலில் யாரோ ஒரு குழந்தையின் தட்டில் சோற்றோடு பிசையப்படுகிறது. முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ரசாயன மருந்து அடித்துவிட்டு, அதன் காத்திருப்புக் காலம் முழுவதும் அறுக்காமல் இருக்க இந்தப் பயிரில் இடமில்லை. கீரைக்கு ஏற்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து வேப்பமரத்தில் காய்க்கிறது.

வாசலில் நிற்கும் மருந்து

வேப்பங்கொட்டையில் உள்ள 'அசாடிராக்டின்' என்ற பொருள் பூச்சியின் தீனி விருப்பத்தைக் கெடுக்கிறது. அத்துடன் தோலுரிப்பு ஹார்மோன் சுரப்பதையும் குலைக்கிறது. 1960-களின் தொடக்கத்திலேயே டெல்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியல் விஞ்ஞானி பிரதான், வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விடுவதை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் 1968-ல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டினை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகச் செய்து முடிக்க 2007 வரை ஆயிற்று. விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்த பொருளை வேப்பமரம் ஆண்டுதோறும் உதிர்த்துக் கொடுக்கிறது.

ஐந்து சதவீதக் கரைசல் தயாரிக்க, 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் பால்போல் வெளுக்கும்வரை மரக்குச்சியால் கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். பயிரில் ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு வேண்டும். சேகரித்து எட்டு மாதத்திற்கு மேலான கொட்டையில் வீரியம் இருக்காது. கரைசலை அன்றன்றே தயாரித்து, வெயில் தாழ்ந்தபின் பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் தெளிக்க வேண்டும். கடும் வெயில் பட்டால் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

மனிதனுக்கும் கால்நடைக்கும் கைட்டின் கிடையாது, தோலுரிப்பும் கிடையாது. ஆகவே இம்மருந்துகளின் நச்சு பழைய பூச்சிமருந்துகளைவிடப் பொதுவாகக் குறைவு. இதனால் வெறுங்கையால் கலக்கலாம் என்று பொருளல்ல. கையுறை, முகக்கவசம் அணிய வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது. வீடுகள் வயலோரம்வரை வந்துவிட்ட இப்பகுதியில், பக்கத்து வீட்டுக் கிணறும் துணி காயும் கொடியும் கவனத்தில் இருக்க வேண்டும்.

கைட்டின் உள்ள உயிர்களுக்கோ ஆபத்து உண்டு. டைபுளுபென்சுரான் போன்றவை நண்டு, இறால், மீன்குஞ்சுக்கு இரையாகும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் ஆகியவற்றை அழித்துவிடும். ஆதனூர் ஏரிப் பக்கத்தில் வடியும் நீர் அடையாற்றில் போய்ச் சேருகிறது. ஆகவே மருந்து தெளித்தபின் வயல் நீரை வாய்க்காலில் திறந்துவிடுவதும், டாங்கியை ஏரியில் கழுவுவதும் கூடாது. மல்பெரித் தோட்டத்தின் அருகில் இம்மருந்துகளை அடிக்கவே கூடாது; ஒரு துளி காற்றில் போனாலும் பட்டுப்புழுக்கள் தோலுரிக்காமல் மடியும். தேனீக்கள் நடமாடும் பூப் பருவத்திலும் தவிர்க்க வேண்டும். தாய் ஈக்குத் தீங்கில்லை என்று தோன்றினாலும் கூட்டிலுள்ள புழுக்கள் பாதிக்கப்படலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தன் சொந்த ஹார்மோனுக்கே எதிர்ப்புத் திறனைப் பூச்சி வளர்த்துக்கொள்ள முடியாது என்று 1967-ல் பேராசிரியர் வில்லியம்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. வீட்டு ஈக்கள் இளமை ஹார்மோன் மருந்தைத் தாங்கப் பழகின. சீனாவில் புகையான் புப்ரோபெசினையே தாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரே மருந்தை ஒரு போகத்தில் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. மறுபடி தெளிக்க நேர்ந்தால் வேறு வகையைச் சேர்ந்த மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் தரும் பெயர் புதிதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து அதே பழையதாக இருக்கலாம். லேபிளில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்து, காலாவதித் தேதியைக் கவனித்து, ரசீதுடன் வாங்க வேண்டும். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களும் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

சந்தேகம் இருப்போர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். பூச்சி தாக்கிய பயிர் ஒன்றை வேரோடு பிடுங்கி, பூச்சியோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றால், எந்தப் பருவப் பூச்சி, எந்த மருந்து என்று சரியாகச் சொல்ல உதவியாக இருக்கும்.

வளர்ச்சித் தடுப்பு மருந்தைத் தெளித்தவர் அந்த ஏழு நாளும் வயலுக்குப் போக வேண்டும். ஆனால் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.